ஜெர்மன் பீர் என்றால் 1516 சட்டமும் அக்டோபர்ஃபெஸ்டும் மட்டும்தானா?

வாசகர் கேள்வி, 2024 செப்டம்பர் 21

மியூனிக் நகரின் பீர் திருவிழா அக்டோபர்ஃபெஸ்ட் இன்று தொடங்கிவிட்டது. ஜெர்மானியர்கள் 1516-இல் தூய்மைச் சட்டம் போட்டு, தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ மூன்றைத் தவிர பீரில் வேறெதுவும் சேரக் கூடாது என்று சொல்லி மக்களின் உடல்நலத்தைக் காப்பாற்றினார்கள். அதனால்தான் 500 வருடமாக ஜெர்மன் பீர் ஒரே தரத்தில், ஒரே சுவையில் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறீர்களா?

2024 செப்டம்பர் 22

இல்லை. இரண்டு இடத்தில் மறுக்கிறேன்.

முதலில் சட்டம். 1516 ஏப்ரல் 23 அன்று இங்கோல்ஸ்டாட் நகரில் தெற்கே இருக்கும் பவேரியாவின் டியூக்குகள் (சிற்றரசர்கள்) நான்காம் வில்ஹெல்மும் பத்தாம் லுட்விக்கும் அறிவித்த ஆணை அது. அன்றைக்கு ஜெர்மனி என்று ஒரு நாடே கிடையாது. ஆணை செல்லுபடியானது அவர்கள் ஆண்ட பவேரியாவில் மட்டும். அதை வாசித்துப் பார்த்தால் பெரும்பகுதி விலையைப் பற்றித்தான் பேசுகிறது. மிக்கேல் திருநாள் தொடங்கி ஜார்ஜ் திருநாள் வரை, அதாவது செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை, ஒரு மாஸ் பீரை ஒரு ஃபென்னிக்குக்கு மேல் விற்கக் கூடாது. மற்ற மாதங்களில் இரண்டு ஃபென்னிக்குக்கு மேல் கூடாது. மாஸ் என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர். என்னென்ன சேர்க்கலாம் என்ற வரி இதற்கு நடுவில்தான் வருகிறது.

பார்லி மட்டும் என்று ஏன் சொன்னார்கள்? கோதுமை ரொட்டிக்கு வேண்டியிருந்தது என்பதுதான் பெரும்பாலோர் சொல்லும் காரணம். ஆனால் கோதுமை பீர் அழிந்துபோகவில்லை. டேகன்பெர்க் என்ற பிரபுக் குடும்பத்துக்கு அதை வடிக்கும் தனி உரிமை இருந்தது. 1602-இல் அந்த வம்சம் அற்றுப்போனதும் உரிமை டியூக் முதலாம் மாக்ஸிமிலியானிடம் வந்தது. அவர் அதை அரசின் ஏகபோகமாக்கிக் கஜானாவை நிரப்பினார். உடல்நலம்தான் நோக்கம் என்றால், குடிமக்களுக்குக் கூடாதது அரசருக்கு மட்டும் எப்படி ஆகும்?

இந்த விதி கீழ்நொதி பீர்களுக்காக, அதாவது நொதிக்கும்போது ஈஸ்ட் அடியில் தங்கும் வகைகளுக்காக, நாடு முழுக்க வந்தது 1906-இல். அதற்கு இன்று எல்லாரும் சொல்லும் ‘ரைன்ஹைட்ஸ்கெபோட்’ (தூய்மைக் கட்டளை) என்ற பெயரே 1918-இல் பவேரியச் சட்டமன்றத்தில்தான் முதலில் காதில் விழுகிறது.

இரண்டாவது, ‘ஒரே சுவை’. இதைத்தான் என்னால் விடவே முடியாது. நான் இருப்பது எர்லாங்கன். ரயிலில் அரை மணிக்கும் கொஞ்சம் கூட போனால் பாம்பெர்க். அங்கே பீரில் புகை மணக்கும். வடக்கே லைப்ஸிக் போனால் உப்பும் கொத்தமல்லி விதையும் போட்ட கோஸே. பெர்லினில் புளிப்பு. ஜெர்மன் பீர் என்று ஒன்று கிடையாது, ஊர் பீர்தான் உண்டு.

2024 செப்டம்பர் 23

ஒருவர் கேட்கிறார்: “ஆணையில் ஈஸ்ட் இல்லையே, அது இருப்பதே அவர்களுக்குத் தெரியாதா?”

அது ஓர் உயிர் என்று தெரியாது. அது 19-ஆம் நூற்றாண்டில்தான் புரிந்தது. ஆனால் அந்த வண்டல் இல்லாமல் பீர் ஆகாது என்பது ஒவ்வொரு வடிப்பவருக்கும் தெரியும். ஒரு வடிப்பின் அடியில் தங்கியதை எடுத்து அடுத்த வடிப்பில் விட்டார்கள். நம் வீட்டில் உறைமோர் எடுத்து வைப்பது போலத்தான். தயிருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் பால் என்கிறோம், உறைமோரைத் தனியாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஈஸ்டும் பட்டியலில் ஏறாமல் போனதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

2024 செப்டம்பர் 29

இன்று மிக்கேல் திருநாள். பழைய பவேரியாவில் பீர் வடிக்கும் பருவம் இன்றுதான் திறக்கும். கோடையில் வடித்தால் கண்ட கிருமியும் சேர்ந்து கெட்டுப்போகும், அடுப்பால் ஊரே தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. அதனால் 1553-இல் ஐந்தாம் ஆல்பிரெக்ட் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை வடிக்கவே கூடாது என்று தடை போட்டார்.

பீர் கார்டன் என்று இன்று உலகமே சொல்லும் இடம் இந்தத் தடையிலிருந்துதான் முளைத்தது. கோடைக்கு வேண்டியதை மார்ச் மாதமே கொஞ்சம் காட்டமாக வடித்து வைக்க வேண்டும். வைக்கக் குளிர்ச்சி வேண்டும். ஆகவே ஊருக்கு வெளியே மேடான இடத்தில் நிலவறை தோண்டி, குளிர்காலத்தில் ஏரியிலும் ஆற்றிலும் வெட்டிய பனிக்கட்டியை உள்ளே அடுக்கினார்கள். மேலே வெயில் படாமல் இருக்க செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். இலை அகலம், நிழல் அடர்த்தி, வேர் ஆழமாய் இறங்காது, அதனால் நிலவறைக் கூரையைப் பெயர்க்காது. மரம் வந்தது, நிழல் வந்தது, பெஞ்சு போட்டார்கள், சனம் வந்து உட்கார்ந்தது.

ஊருக்குள் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? அரசரிடம் முறையிட்டார்கள். 1812 ஜனவரி 4 அன்று மன்னர் மாக்ஸிமிலியான் யோசெஃப் ஒரு சமரசம் செய்தார்: மியூனிக்கின் ப்ரூவரிகள் (பீர் ஆலைகள்) தங்கள் நிலவறையில் பீர் விற்கலாம், ரொட்டி கொடுக்கலாம், வேறு சாப்பாடு கூடாது. அதனால் வருகிறவர்கள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். சமையல் தடை என்றைக்கோ போய்விட்டது, கட்டிக்கொண்டு வரும் பழக்கம் போகவில்லை. பவேரியாவின் 1999-ஆம் ஆண்டு பீர் கார்டன் விதிகளே, சொந்தச் சாப்பாடு கொண்டுவந்து உண்ணலாம் என்பதைப் பீர் கார்டனின் அடையாளமாகச் சொல்கின்றன. மேசை விரிப்பு போட்ட பகுதி பரிமாறுபவர்களுடையது. விரிப்பு இல்லாத வெறும் மரமேசையில் உங்கள் டப்பாவைத் திறந்துகொள்ளலாம். நாங்கள் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுபோவோம். பக்கத்தில் முள்ளங்கியைத் திருகு திருகாய்ச் சீவி உப்புப் போட்டு வைத்திருப்பார்கள், இரண்டும் கைமாறும்.

கோடையிலும் குளிர்ச்சியில் வடிக்க வழி திறந்தது இயந்திரம். கார்ல் ஃபான் லிண்டே தன் குளிர்சாதன இயந்திரத்தை 1870களில் மியூனிக்கின் ஷ்பாட்டன் ப்ரூவரியில் ஓட்டிப் பார்த்தார். நம் வீட்டு ஃபிரிட்ஜின் பூர்வீகம் ஒரு பீர் ஆலையில் இருக்கிறது.

2024 அக்டோபர் 6

அக்டோபர்ஃபெஸ்ட் இன்று முடிகிறது. அது எப்படித் தொடங்கியது என்று கேட்டவருக்காகச் சுருக்கமாக: 1810 அக்டோபரில் இளவரசர் லுட்விக், தெரேஸா திருமணத்தையொட்டி நடந்த குதிரைப் பந்தயம்தான் ஆரம்பம். இன்று பெரிய கூடாரங்களில் மியூனிக்கின் ஆறு ப்ரூவரிகளுடைய பீர் மட்டுமே. 2024-இல் ஒரு லிட்டர் 13.60 முதல் 15.30 யூரோ வரை இருந்தது. நெரிசல் பிடிக்காதவர்கள் கட்டணம் கொடுத்து ‘ஓய்டே வீஸ்ன்’ பகுதிக்குப் போங்கள். பழைய ராட்டினம், பித்தளை வாத்தியம், குழந்தைகள்.

அளவு குறைவாக ஊற்றுகிறார்களே என்று ஒருவர் கொதித்திருக்கிறார். நியாயம்தான். கிளாஸில் அளவுக்கோடு இருக்கும், நுரை அடங்கியதும் பீர் அதைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் கொண்டுபோய் நிரப்பித் தரக் கேட்கலாம், தயங்க வேண்டியதில்லை. குறைத்து ஊற்றுவதை எதிர்க்கவே மியூனிக்கில் ஒரு சங்கம் இருக்கிறது. இந்த அளவுக்குக் குடிப்பவரின் உரிமையைப் பார்க்கும் ஊர் எனக்குப் பிடிக்கும்.

2024 அக்டோபர் 20

ஊர் பீர் என்றேனே, அது என்னவென்று காட்ட ஓர் இடம் சொல்கிறேன். செக் எல்லையை ஒட்டிய ஓபர்ஃபால்ட்ஸ் பகுதியில் விண்டிஷெஷன்பாக் என்று ஒரு சிற்றூர். நேற்று அங்கேதான் இருந்தேன்.

அங்கே ஊருக்குப் பொதுவாக ஒரு வடிப்புக்கூடம். வடிக்கும் உரிமை மனையோடு சேர்ந்தது. எந்த வீட்டுக்கு உரிமை உண்டோ அந்த வீட்டுக்காரர்கள் முறை வைத்து வந்து, விறகு போட்டு, கொப்பரையில் காய்ச்சி, ‘கெஸ்ஸல்கெல்ட்’ என்று கொப்பரைக் காசு கட்டிவிட்டு, இன்னும் நொதிக்காத இனிப்பு நீரைத் தொட்டியில் ஏற்றி டிராக்டரில் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். நொதிப்பதும் முதிர்வதும் அவரவர் நிலவறையில். ஒரே கொப்பரைதான், ஆனால் வீட்டுக்கு வீடு ருசி வேறு. இதற்கு ஸாய்கல் என்று பெயர். பக்கத்து நோய்ஹவுஸுக்கு இந்த உரிமை 1415-இல் கிடைத்தது. மிட்டர்டைக், ஃபால்கன்பெர்க், எஸ்லார்ன் ஊர்களிலும் இப்படி ஊர்க்கூடத்தில் வடிக்கிறார்கள்.

யார் வீட்டில் இந்த வாரம் பீர் தயாரோ அவர்கள் வாசலில் கம்பு நீட்டி ஆறுமுனை நட்சத்திரத்தைத் தொங்கவிடுவார்கள். நாங்கள் நுழைந்தது ஒரு தாழ்ந்த கூரை அறை. மேசை என்று தனியாகக் கிடைக்காது, இருக்கிற மேசையில் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். வீட்டு அம்மா சமையலறை வாசலிலேயே நின்று ரொட்டியை மார்போடு அணைத்துத் தன் பக்கமாகக் கத்தியை இழுத்து அறுத்துக்கொண்டிருந்தார். அவருடைய பேத்தி தட்டில் அழுத்தின இறைச்சியும் ஊறுகாய் வெள்ளரியும் வைத்துக் கொண்டுவந்தாள். எனக்கு இறைச்சி வேண்டாம் என்றதும் அம்மாவே உள்ளே போய் பாலாடைக்கட்டியைப் பிசைந்து, வெங்காயமும் சிவப்பு மிளகாய்த்தூளும் தூவி எடுத்துவந்து வைத்தார். பீர் கலங்கல், நுரை குறைவு, கசப்பு மெதுவாகத் தெரிகிறது. பக்கத்தில் இருந்த பெரியவர் தன் கிளாஸை என் பக்கம் தள்ளிவைத்து, போன வாரம் எதிர்வீட்டில் குடித்தது இதைவிடக் கசப்பு என்றார். உடனே மேசை முழுக்க அதைப் பற்றியே விவாதம், பில் வரும்வரை ஓயவில்லை. ஒரே தெருவில் இரண்டு வீட்டுப் பீரைப் பற்றி இவ்வளவு பேச முடிகிற ஊர்!

திங்கட்கிழமை அந்த வீடு மூடிவிடும். பீப்பாய் தீர்ந்தால் அதற்கு முன்பே மூடலாம்.

2024 அக்டோபர் 22

நட்சத்திரம் யூதர்களின் தாவீது நட்சத்திரமா என்று பலர் கேட்டுவிட்டீர்கள். உருவம் ஒன்று, இங்கே அது வடிப்பவர்களின் குறி. ஒரு முக்கோணத்துக்கு நெருப்பு, நீர், காற்று. இன்னொன்றுக்குத் தண்ணீர், மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்), ஹாப்ஸ் என்று ஊர்க்காரர்கள் விளக்கம் சொல்வார்கள்.

2024 நவம்பர் 11

11-ஆம் மாதம் 11-ஆம் நாள் 11 மணி 11 நிமிடம்: கொலோனில் கார்னிவல் பருவம் தொடங்கிவிட்டது. அங்கே இருக்கும் நண்பர் அனுப்பிய படத்தில் எல்லார் கையிலும் கோல்ஷ் என்ற அந்த ஊர் பீருக்கான ஒல்லியான 0.2 லிட்டர் கிளாஸ். அவ்வளவு சின்ன கிளாஸில் என்ன பாரம்பரியம் என்று பவேரியாவில் கேட்பார்கள். நான் கொலோன் பக்கம்.

நீல ஏப்ரன் கட்டிய பரிமாறுபவரை அங்கே ‘கேபஸ்’ என்பார்கள். வட்டமான தட்டில் கிளாஸ்களைச் செருகி எடுத்து வருவார். உங்களுடையது காலியானால் கேட்காமலே அடுத்ததை வைத்துவிட்டு, கிளாஸுக்கு அடியில் இருக்கும் அட்டையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போவார். அந்த அட்டைதான் பில். போதும் என்றால் வாயால் சொல்ல வேண்டாம், அட்டையை எடுத்துக் கிளாஸ் மேல் மூடிவிடுங்கள். சின்னக் கிளாஸ் என்பதால் பீர் சூடாவதற்குள் முடிந்துவிடும். கோல்ஷ் பீருக்கு அது ரொம்ப முக்கியம், சூடானால் சப்பென்று ஆகிவிடும்.

கோல்ஷ் என்ற பெயரைக் கண்டவர் போட முடியாது. ப்ரூவரிகள் 1986-இல் ஓர் உடன்படிக்கை செய்தன, 1997 முதல் ஐரோப்பியப் பாதுகாப்பும் உண்டு. ரைன் ஆற்றோரமாகவே 40 கிலோமீட்டர் போனால் டூசல்டார்ஃப். அங்கே செம்பு நிற ஆல்ட்பியர். இரண்டுமே மேல்நொதி ஈஸ்டில் (நொதிக்கும்போது மேலே மிதந்து வரும் வகை) வடித்துக் குளிரில் முதிரவிட்டவை, உறவுமுறை நெருக்கம். ஆனால் ஒரு நகரத்தில் மற்றதைக் கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

2025 ஜனவரி 12

பாம்பெர்க் போய் வந்தேன். ஷ்லெங்கர்லா ப்ரூவரியின் புகை பீர் முதல் மடக்கில் பலருக்குப் பிடிக்காது. என்னோடு வந்தவர் கருவாட்டுக் குழம்பு வாசனை என்றார். மூன்றாவது கிளாஸில்தான் பிடிபடும் என்பது ஊர்ச்சொல். பீச் மர விறகின் புகையில் மால்ட்டைக் காயவைக்கிறார்கள். ஒருகாலத்தில் எங்குமே மால்ட் நெருப்பில்தான் காய்ந்தது, பீரில் புகையும் இருந்தது. புகை படாமல் உலர்த்தும் சூளை வந்ததும் மற்ற ஊர்கள் மாறின. பாம்பெர்க்கின் ஷ்லெங்கர்லாவும் ஷ்பெஸியாலும் விடவில்லை.

கல்பாலத்தில் நின்றுகொண்டு செப்டம்பரில் எழுதியதை யோசித்தேன். தூய்மைச் சட்டத்தின் வரலாற்றைப் பற்றிச் சொன்னதில் மாற்றம் இல்லை. ஆனால் அதன் இன்னொரு பக்கத்தையும் எழுத வேண்டும். இந்தப் புகை பீரில் இருப்பது தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் மட்டும்தான். கோல்ஷிலும் அடிப்படை அதுதான், கறுப்பான ஷ்வார்ட்ஸ்பியரிலும் அதுதான். வெளியிலிருந்து எதையும் போட முடியாது என்றதும் கைவினைக்காரர்கள் மால்ட்டை வறுக்கும் பக்குவத்திலும், ஈஸ்டிலும், முதிரவிடும் காலத்திலும் தேடினார்கள். அந்தத் தேடலை நான் மதிக்கிறேன்.

அதே சட்டம் பறித்ததும் உண்டு. வடக்கில் மூலிகையும் சர்க்கரையும் சேர்த்த பழைய வகைகளுக்கு இடம் சுருங்கியது. லைப்ஸிக்கின் கோஸே 1966-இல் நின்றேபோய், 1986-இல்தான் மறுபடி கிளாஸுக்கு வந்தது. குடிப்பவர்களும் அதை விட்டுவிட்டார்கள். இன்று கோஸே விதிவிலக்கின் கீழ் வடிக்கப்படுகிறது. வடிகட்டும்போது பிவிபிபி என்ற பிளாஸ்டிக் பொடி போட்டு எடுப்பதை விதி அனுமதிக்கிறது, கடைசியில் நீக்கிவிடுவதால். கொத்தமல்லிக்குத் தனி அனுமதி, பிளாஸ்டிக் பொடிக்கு வழி திறந்திருக்கிறது. இது எனக்கு ஏற்பாக இல்லை. 1987-இல் ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு வெளிநாட்டு பீர்களை இந்த விதியைக் காட்டித் தடுக்க முடியாது. விதி கட்டுவது உள்ளூர்க்காரர்களைத்தான்.

2025 மார்ச் 9

“குடிக்காதவர்கள் அங்கே என்ன செய்வது?” நல்ல கேள்வி. என் மனைவி குடிப்பதில்லை, எல்லா இடத்துக்கும் வருகிறார். ஆப்பிள் சாற்றில் சோடா கலந்த ஷோர்லே, கோலாவும் ஆரஞ்சும் கலந்த ஸ்பேஸி, இப்போது எங்கும் ஆல்கஹால் இல்லாத பீர். உணவகச் சட்டத்திலேயே ஒரு விதி உண்டு: மிக மலிவான மதுவைவிட விலை கூடாத ஒரு மதுவில்லா பானமாவது பட்டியலில் இருக்க வேண்டும். காசை மிச்சம் பிடிக்க பீர் குடிக்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது என்பதற்காக.

கடைகளில் 16 வயதிலேயே பீர் வாங்கலாம், பெற்றோர் கூட இருந்தால் உணவகத்தில் 14 வயதில் குடிக்கலாம் என்ற விதியை மட்டும் என்னால் ஆதரிக்க முடியவில்லை. பாரம்பரியம் என்ற சொல் அதற்குக் கவசம் ஆகக் கூடாது. எனக்கு 15 வயதில் மகள் இருக்கிறாள்.

2025 மார்ச் 10

பாட்டில் பற்றிக் கேட்டவருக்கு: சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 சென்ட் வைப்புத்தொகை, கம்பி மூடி போட்டதற்கு 15, டின்னுக்கு 25. அரை லிட்டர் பாட்டில் 20 அடங்கிய கிரேட்டைத் திருப்பினால் கிரேட்டுக்கும் சேர்த்து 3.10 யூரோ. பாட்டிலைக் கழுவி மறுபடி மறுபடி நிரப்புகிறார்கள். கழுத்துக்குக் கீழே வெள்ளையாய்த் தேய்ந்த வளையம் பார்த்திருப்பீர்கள், மெஷினில் ஒன்றோடொன்று உரசி வந்த தழும்பு அது.

2025 ஜூன் 17

எர்லாங்கனில் மலைத்திருவிழா நேற்று இரவு முடிந்தது. பெர்க்கிர்ஷ்வைஹ் என்று பெயர், ஊரில் வெறும் ‘பெர்க்’. 1755-இல் தொடங்கியது, அக்டோபர்ஃபெஸ்டைவிட 55 வருடம் மூத்தது. பெந்தெகொஸ்தேக்கு முந்தைய வியாழனில் ஆரம்பித்து 12 நாள். கூடாரம் இல்லை, மலைச்சரிவில் மரத்தடியில், மணற்பாறையில் குடைந்த நிலவறைகளின் வாசலில் பெஞ்சுகள். செப்டம்பரில் எழுதிய அந்த நிலவறையும் நிழலும் இங்கே இன்னும் உபயோகத்தில் இருக்கின்றன. கடைசி இரவு ஒரு பீப்பாயைக் குழிக்குள் இறக்கிப் ‘புதைக்கிறார்கள்’. கைக்குட்டைகள் ஆடுகின்றன, நிஜமாகவே சிலர் அழுகிறார்கள்.

இந்த வருடமும் எனக்கு உறுத்தியது ஒன்று. 1712 முதல் ஊரில் வடித்துவந்த கிட்ஸ்மான் 2018-இல் மூடியது. பெயரை குல்ம்பாக் நகரின் பெரிய ப்ரூவரி வாங்கியது. லேபிள் இருக்கிறது, கொப்பரை இங்கே இல்லை. 1970களில் ஓராள் ஆண்டுக்கு 150 லிட்டர் குடித்த நாட்டில் இன்று 90 லிட்டரைச் சுற்றி நிற்கிறது. குறைவாகக் குடிப்பது நல்லதுதான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தக் குறைவின் சுமை நடுத்தர ஊர் ப்ரூவரிகள் தலையில் விழுகிறது. குறைத்துக் குடிக்கிறவர்கள் அந்தக் கொஞ்சத்தையாவது பக்கத்து ஊர்க்காரரிடம் வாங்கலாம். நான் ஷ்டைன்பாக் ப்ரூவரியில் வாங்குகிறேன், அது இன்னும் எர்லாங்கனுக்குள்ளேயே வடிக்கிறது.

ஜூலை கடைசியில் வரப்போவதாக எழுதியவருக்கு: அப்போது ஃபோர்ஷ்ஹைம் ஊரில் அன்னா திருவிழா. காட்டுக்குள் நிலவறைகள், எர்லாங்கனிலிருந்து ரயிலில் பக்கம். சாயங்காலம் ஐந்துக்கு முன்பே போனால் இடம் கிடைக்கும். மறுநாள் ஔஃப்ஸெஸ் போங்கள். 1,500 பேர்கூட இல்லாத ஊராட்சி, நான்கு ப்ரூவரி. நான்கையும் இணைத்து நடைபாதை இருக்கிறது. பேருந்து குறைவு, கடைசி வண்டி நேரத்தைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். காரை எடுக்காதீர்கள். ரத்தத்தில் ஆல்கஹால் 0.5 பெர்மில் (ஆயிரத்துக்கு 0.5 பங்கு) தாண்டினால் அபராதமும் ஒரு மாதத் தடையும். சைக்கிளுக்கும் வரம்பு உண்டு, 1.6.